எயிலி என்று கூப்பிட்ட கரை

போன ஞாயிற்றுக்கிழமை காலடிப்பேட்டையில் எங்கள் தெருமுனை பேக்கரிக்கு ரஸ்க் வாங்கப் போனேன். சர்க்கரை உள்ளவளுக்கு பேக்கரியில் என்ன வேலை என்று கேட்டுவிடாதீர்கள், ரஸ்க் வீட்டுக்காரருக்கு. டப்பா எப்படி அதற்குள் காலியாகிறது என்று அவரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. இப்படித்தான் எங்கள் குடித்தனம் சண்டையில்லாமல் ஓடுகிறது.

கண்ணாடிப் பெட்டிக்குள் பிறந்தநாள் கேக்குகள் இருந்தன. ஒன்றில் ரோஸ் க்ரீமில் 'எழிலி' என்று எழுதியிருந்தது. பக்கத்து கேக்கிலும் அதே பெயர், ஆங்கிலத்தில். உள்ளே மாஸ்டர் மூன்றாவதாக ஒரு கேக்கை மேசையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் அதிலும் எ, ழி.

"இன்னாம்மா இது, ஒரே பாப்பாவுக்கு மூணு கேக்கா?" என்று கல்லாவில் இருந்த பெண்ணைக் கேட்டேன்.

"இல்ல ஆன்ட்டி, வேற வேற பாப்பா. இப்போ இந்தப் பேருதான் ட்ரெண்டு. எழிலி!" என்றாள். நாக்கை அழகாக மடித்து, ழகரம் சொட்டச் சொட்டச் சொன்னாள். அவள் தமிழாசிரியர் யாரோ, நல்லா இருக்கட்டும்.

அடிப்பாவி, ஒரு காலத்தில் இந்தப் பேரோடு திருவொற்றியூரிலேயே எனக்குத் தெரிந்து ஒருத்திதான் இருந்தாள், அவளும் அதைத் தலைமுழுகப் பார்த்தாள், தெரியுமா உனக்கு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. பின்னால் பப்ஸ் வாங்க நின்றவர்கள் அடிக்க வருவார்கள் என்பதால் ரஸ்க்கை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் பப்ஸுக்கு நிற்கவில்லையே.

அந்த மாஸ்டர் க்ரீம் கோனைப் பிழியும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு அதே பெயரை எழுதிய இன்னொருவரைப் பார்த்திருக்கிறேன். வாசனைதான் வேறு. அங்கே பெயின்ட், டீசல், காயப்போட்ட நெத்திலி. மீனவர் குப்பத்து மணலில் நிறுத்தியிருந்த புது ஃபைபர் போட்டின் பக்கவாட்டில், பெயின்டர் ஒருவர் கையில் பிரஷ்ஷோடு குத்துக்காலிட்டு 'ழி'யின் கொக்கியை வளைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் நாங்கள் வாண்டுகள். எழுத்து கோணினால் போட்டும் கோணிக்கொண்டு போகும் என்று யாரோ கிளப்பிவிட, பாவம், அந்த மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது.

எங்கள் அப்பாவுக்கு எண்ணூரில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் வேலை. குப்பம் முடிந்து தெரு தொடங்கும் இடத்தில் வாடகைக்கு இருந்தோம். அடுத்த வீடு கன்னியப்பன் மாமாவுடையது. மாமாவுக்கும் அஞ்சலை அத்தைக்கும் நெடுநாள் குழந்தையில்லை. கும்பிடாத சாமியில்லை. கடைசியில் ஒரு பெண் பிறந்ததும், அதற்குப் பெயர் சாதாரணமாக இருக்கக்கூடாது என்று மாமா முடிவு செய்துவிட்டார். தேரடி பக்கம் நடந்த பொதுக்கூட்டத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், மேடைக்குக் கீழே நின்று இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்திருக்கிறார். பேச வந்தவர் குழந்தையை வாங்கி, மைக்கில் "எழிலி" என்றாராம். ஒரே கைதட்டல்.

என்ன அர்த்தம் என்று கேட்க மாமாவுக்கு வெட்கம். மறந்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். வீட்டுக்கு வரும்போது அது எயிலி ஆகிவிட்டது. குப்பத்தில் வாழைப்பழம் வாயப்பயம்தான், மழை மயைதான், அப்புறம் எழிலி மட்டும் எப்படித் தப்பிக்கும்? தாய்மாமன் முதல் நண்டு விற்கும் ஆயா வரை எல்லோருக்கும் அவள் எயிலி. அந்தக் கரை முழுக்க அவளை எழிலி என்று கூப்பிட்ட ஒரே ஜீவன் நான்தான். எங்கள் அம்மா விழுப்புரம் பக்கம். "அவங்க அவங்க பேசிட்டுப் போறாங்க. நீ பேரை ஒழுங்காச் சொல்லு, இல்லன்னா வாயில சூடு வெப்பேன்" என்று சொல்லி வளர்த்தவர். அதனால் நான் தெருவில் நின்று நாக்கை மடித்து அவளைக் கூப்பிடுவேன்.

"டீச்சர் மாரி கூப்பிடாதடி, பயமா கீது" என்பாள்.

ஆறாம் வகுப்பில் தமிழ் ஐயாதான் அர்த்தம் சொன்னார். எழிலி என்றால் மழைமேகமாம். அன்றைக்கு மாலை மூச்சிரைக்க ஓடிப்போய் மாமாவிடம் சொன்னோம். வலையில் பீறல் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "மேகமா? த்தோடா! மேகம் வந்தா நாங்க எப்டிம்மா கடலுக்குப் போறது? மேடையில கீறவருக்கு இன்னா தெரியும்!" என்றார். ஆனாலும் பெயரை மாற்றவில்லை. அந்த வருஷம்தான் கடனை உடனை வாங்கி சொந்தமாக ஃபைபர் போட் எடுத்தார், பெண் பெயரையே எழுதினார்.

இங்கேதான் ஒரு கூத்து. கரைக்காரர்களுக்கு அந்தப் பெண்ணும் போட்டும் ஒன்றாகிவிட்டார்கள். வலையில் இறால் நிறைய வந்தால், தெருவில் பள்ளிக்கூடப் பையோடு போகிறவளை நிறுத்தி, "எயிலி, அள்ளிக் குட்த்துட்டம்மா! நல்லா இரு!" என்று கையில் நாலு எறாவைத் திணிப்பார்கள். அவள் அதை எங்கே வைப்பாள்? ஜாமெட்ரி பாக்ஸில். எங்கள் வகுப்பறையே நாறும். வலை கிழிந்தாலோ இன்ஜின் மக்கர் செய்தாலோ வசவும் அவளுக்குத்தான். "இன்னா எயிலி, நேத்து மூஞ்ச தூக்கி வெச்சிகினு நடுக்கடல்ல நின்னுட்டியாமே?" என்பார்கள். இவள் ஒன்றும் புரியாமல் "சாரி அண்ணே" என்பாள். நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன். சிரித்திருக்க வேண்டாமோ என்று பின்னால் தோன்றியது, அது பிறகு.

விடிகாலையில் போட்டைத் தள்ளுவதற்கு முன்னால் ஒரு வழக்கம் வைத்திருந்தார் மாமா. பெயர் எழுதிய இடத்தில் உள்ளங்கையை வைத்து, "எயிலீ... போலாமா?" என்று சத்தமாகக் கேட்பார். மணலில் நிற்கும் மகள், "போய்ட்டு வா நைனா!" என்று பதில் கொடுக்க வேண்டும். அது கேட்ட பிறகுதான் மற்றவர்கள் தோள் கொடுத்துத் தள்ளுவார்கள். தூக்கக் கலக்கத்தில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்று அவள் கத்துவது எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்கும். எங்கள் அம்மாவுக்கு அதுதான் கடிகாரம். அதைக் கேட்டுத்தான் பால் அடுப்பில் ஏறும்.

பத்தாம் வகுப்பு வந்ததும் அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. வேறு தெருப் பெண்கள் 'போட்டுக்காரி' என்று கிண்டல் செய்தார்கள். பெரிய பெண்ணாகிவிட்டு மணலில் நின்று கத்துவதா என்று இருந்தது. அந்த வயதில் நமக்கெல்லாம் அப்பா அம்மாவே வெட்கம்தானே. நான் மட்டும் என்ன, ஃபவுண்டரிக் கரியோடு வரும் எங்கள் அப்பாவைப் பள்ளிக்கூட வாசலில் கண்டால் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன்.

ஒரு மழைமாதக் காலை. "இன்னிக்கி டெஸ்ட் கீதும்மா" என்று அஞ்சலை அத்தையிடம் சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். கரையிலிருந்து "எயிலீ... போலாமா?" என்று குரல் வந்தது. அவள் தலையைத் தூக்கவில்லை. இன்னொரு முறை வந்தது. "போயேன்டி" என்றேன். "தலைவலிக்குது" என்று பக்கத்தைப் புரட்டினாள். அப்புறம் பதில் சத்தம் ஒன்று கேட்டது, ஆனால் பெண் குரல் இல்லை. மாமாவோடு கடலுக்குப் போகும் பாபு அண்ணன், "வுடு மாமா, பொண்ணு படிக்கட்டும், நான் சொல்றேன்" என்று, குரலைக் கீச்சென்று மாற்றி, "போய்ட்டு வா நைனா!" என்று கத்தியிருக்கிறார். கரையே சிரித்ததாம். இது எங்களுக்குப் பின்னால் தெரிந்தது.

மதியத்துக்கு மேல் காற்று மாறியது. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருந்த கருங்கற்களுக்குப் பக்கத்தில், கரையைத் தொடப் போகிற நேரத்தில், ஒரு அலை போட்டைத் தூக்கிக் கற்கள் மேல் போட்டது. மாமாவும் இன்னும் இரண்டு பேரும் கையும் காலும் கிழிந்து ஏறி வந்தார்கள். பாபு அண்ணன் வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு நாங்கள் வரும்போது குப்பமே கரையில் நின்றது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு, "எயிலி கவுந்துட்டா! பாபுவ எத்துகினு கவுந்துட்டா!" என்று அலறினார்கள். சீருடையோடு, தோளில் பையோடு, அவள் அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். பாபு அண்ணனைப் பிறகு எண்ணூர் பக்கம் அலை ஒதுக்கிவிட்டது.

அதற்கப்புறம் குப்பத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தப் பெயர் வாயில் வந்தால் போட் ஞாபகம் வரும், போட் வந்தால் பாபு வருவார். அதனால் நண்டு விற்கும் ஆயா "ஏ பொண்ணு" என்றார். அஞ்சலை அத்தையே "பாப்பா" என்றார். மாமா அடுத்தவர் போட்டில் கூலிக்குப் போனார். போகும்போது சத்தம் காட்டாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போவார். எங்கள் வீட்டில் பால் தினமும் லேட்டாகத்தான் அடுப்பில் ஏறியது.

"நான் போய்ச் சொல்லாததால்தான்" என்று அவளுக்குள் விழுந்துவிட்டது. இல்லடி, அலைக்கு யார் சொன்னாலும் ஒன்றுதான் என்று எத்தனையோ சொன்னேன். கேட்டால்தானே? ஒரு நாள் இடைவேளையில், "நான் பேர மாத்திக்கப் போறேன். பரீட்சைக்குப் பேரு குடுக்கறதுக்குள்ள ஒண்ணு மாத்தணும்னு டீச்சர்கிட்ட சொல்லி வெச்சிட்டேன். நைனாவும் உன் இஷ்டம்னுடுச்சு. திங்கக்கிழமை வந்து சொல்லிடும்" என்றாள்.

"என்ன பேரு?"

"பிரியா."

எங்கள் வகுப்பில் ஏற்கெனவே பிரியாக்களுக்குப் பஞ்சமில்லை. அதைச் சொன்னேன்.

"அதான் வேணும். பிரியாவோட பிரியாவா இருந்துட்டா யாருக்கும் தெரியாது" என்றாள். ஊரே வேறு மாதிரி சொன்ன பெயரை நான் மட்டும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி அதற்கும் வேலையில்லை என்று இருந்தது.

அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் வந்த வெள்ளிக்கிழமை, பாபு அண்ணன் வீட்டில் பெயர் வைக்கும் சடங்கு. அவர் போகும்போதே ஈஸ்வரி அக்காவுக்கு நிறைமாதம். பெண் குழந்தை பிறந்திருந்தது. மாமா குடும்பம் போவதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தபோது, ஈஸ்வரி அக்காவே ஆள் விட்டு, "பொண்ண இட்டுகினு வரணும்" என்று சொல்லி அனுப்பினார். என்னையும் இழுத்துக்கொண்டுதான் அவள் போனாள். கூட்டத்தில் எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். அந்த விலகல் எனக்குப் பிடிக்கவேயில்லை.

குழந்தையின் காதில் அத்தைதான் பெயர் சொல்ல வேண்டும். பாபு அண்ணனுக்குக் கூடப்பிறந்த பெண் கிடையாது. யார் சொல்லப் போகிறார்கள் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஈஸ்வரி அக்கா குழந்தையைத் தூக்கி வந்து நேராக இவள் மடியில் வைத்தார்.

"குந்து நேரா. தலைய புடி. நீதான் அத்த. காதுல உம் பேர சொல்லு."

"அடி இன்னாடி பேசற?" என்று அவர் மாமியார் எழுந்துவிட்டார். "அந்தப் பேரா? எம் புள்ளைய முயுங்கன பேர வூட்டுக்குள்ள கூட்டியாரியா?"

ஈஸ்வரி அக்கா குரலை உயர்த்தவில்லை. "உம் புள்ளைய முயுங்கனது கடலு. நாளிக்கும் நாம அதுலதான் சோறு துன்னணும். பேரு இன்னா பண்ணிச்சி? எம் புருசன் டெய்லி போம்போது எங்கிட்ட இன்னா சொல்லும்? 'எயிலில கீறேன், வந்துடுவேன்'னுதான சொல்லும்? அது கடைசியா சொல்லிட்டுப் போன பேரு அது. அத நான் வுட மாட்டேன்" என்றார். பிறகு இவளைப் பார்த்து, "நீ பயப்படாத. நீ அன்னிக்கி வராததுக்கு எம் புருசன் ஒனக்கு பதிலா கத்திட்டுப் போச்சி. சிரிச்சிகினேதான் போச்சி. கேட்டவங்க சொன்னாங்க" என்றார்.

எங்களுக்கு அதுவரை அது தெரியாது. அவள் குனிந்தாள். உதடு அசைந்தது, சத்தமில்லை.

"இன்னாது, எனக்கே கேக்கல? கரைக்குக் கேக்கற மாரி சொல்லு!" என்றார் ஈஸ்வரி அக்கா.

"எயிலீ!"

மணலில் நின்று கத்துவாளே, அதே குரல். குழந்தை திடுக்கிட்டு வீலென்று அழுதது. "அயுவறா பாரு, பேரு புட்ச்சிப் போச்சி" என்று ஈஸ்வரி அக்கா சிரித்தார், சிரிக்கும்போதே உடைந்து அழுதார். மாமியார் குழந்தையை வாங்கி மார்பில் அணைத்துக்கொண்டார். வெளியே கன்னியப்பன் மாமா தெருவில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் மூக்கு ஒழுக ஒழுக நின்று, அம்மா கட்டிவிட்ட நல்ல தாவணியைப் பாழாக்கினேன்.

திங்கட்கிழமை டீச்சர் "என்னமோ மாத்தணும்னியே?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல மிஸ்" என்றாள்.

அதற்கப்புறம்தான் அந்தப் பெயர் பரவியது. போட்டிலிருந்து பிழைத்து வந்த இரண்டு பேரும் பின்னால் பிறந்த தங்கள் பெண்களுக்கு எயிலி என்றே வைத்தார்கள். குப்பத்தில் ஒரு சத்தம் கொடுத்தால் நாலு வாசலிலிருந்து எட்டிப் பார்க்கும். பெரிய எயிலி, பாபு எயிலி, மேட்டு வூட்டு எயிலி என்று அடையாளம் வைக்க வேண்டியதாயிற்று. சம்பந்தம் செய்தவர்கள் வழியாக அது காசிமேடு போனது, ராயபுரம் போனது. அந்தப் பேக்கரி கேக்குகள் எல்லாம் இந்த வழியாக வந்தவை என்று சொல்ல மாட்டேன். ஃபோனில் பார்த்து வைத்திருப்பார்கள், அழகான பெயர்தானே. ஆனாலும் ஒன்றாவது எங்கள் கரையிலிருந்து போயிருக்கும் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

என் சிநேகிதி நர்ஸுக்குப் படித்தாள். இப்போது மாதவரத்தில் வீடு, அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. எல்லோருக்கும் எழிலி சிஸ்டர். நாங்கள் நின்ற மணல் இப்போது இல்லை, கடல் தின்றது போக மிச்சத்தில் கல்லும் ரோடும். முன்வரிசை வீடுகள் போய்விட்டன, அங்கிருந்தவர்கள் எண்ணூர் பக்கம் அடுக்குமாடிகளில் மூன்றாவது மாடியிலும் நாலாவது மாடியிலும் இருக்கிறார்கள். ஈஸ்வரி அக்கா கொரோனாவில் போனார். அஞ்சலை அத்தை அதற்கு முன்பே. பாபு அண்ணன் மகளுக்கு இவள் அத்தை, அதனால் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். குப்பத்து ஆட்களை வழியில் பார்த்தாலும், ஆஸ்பத்திரி உத்தியோகம் என்ற மரியாதையில் "இன்னா சிஸ்டர், நல்லா கீறியா?" என்கிறார்கள்.

கன்னியப்பன் மாமா போன தையில் இறந்தார். வாசலில் பாடையைத் தூக்கும்போது பெண்கள் எல்லோரும் அழுதார்கள், இவள் அழவில்லை. தூக்கியவர்கள் ஒரு அடி வைத்ததும், வாசற்படியில் நின்று, "போய்ட்டு வா நைனா!" என்று கத்தினாள். தூக்கியவர்களில் வயசானவர்கள் இரண்டு பேர் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள், துக்கத்தில் என்னமோ சொல்கிறது என்று நினைத்தார்கள்.

ரஸ்க் பொட்டலத்தோடு வீட்டுக்கு வரும் வழியில் அவளுக்கு ஃபோன் செய்தேன். "ஏ எழிலி, பேக்கரியில மூணு கேக்குடி உன் பேர்ல" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுச் சிரித்தாள்.

"அந்தக் கடப் பொண்ணு எப்டிடி சொல்லிச்சி?"

"நம்ம தமிழ் ஐயா கேட்டா கைதட்டுவார். அப்படி ஒரு ழ."

"இப்ப எல்லாரும் கரெக்டாத்தான்டி சொல்றாங்க" என்றாள். "பேஷன்ட்டு, டாக்டரு, எல்லாரும். எங்க நைனா போனப்பறம் யாருமே அந்த மாரி கூப்பிடல. நீ ஒரு தபா கூப்பிடேன்."

நானோ, இத்தனை வருஷமாக நாக்கை மடித்தே பழகியவள். அம்மா இல்லை, சூடு வைக்க யாரும் இல்லை, ஆனாலும் என்னமோ வெட்கம். தெருவில் ஷேர் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஓரமாக நின்று, ஒரு கையால் காதை மூடிக்கொண்டு, கரையில் நிற்கிற மாதிரி கூப்பிட்டேன்.

"எயிலீ..."

இளநீர்க் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். வைத்துவிட்டாளோ என்று ஃபோனைப் பார்த்தேன், வைக்கவில்லை.

"இன்னொரு தபா" என்றாள்.